இரவில் காற்று இறங்கும் கேம்பிங் மேட்: ஓட்டையைக் கண்டுபிடிப்பது எப்படி? பஞ்சர் சொல்யூஷன் ஏன் ஒட்டாது?

நள்ளிரவு 2 மணி. உத்தராகண்டின் கேதார்காந்தா மாதிரி ஒரு பனிமலை முகாம். டெண்ட் சரியாக இருக்கிறது, ஸ்லீப்பிங் பேக் இருக்கிறது, தலையில் கம்பளிக் குல்லாயும் இருக்கிறது. ஆனால் இடுப்பு மட்டும் ஐஸ் கட்டி மேல் வைத்த மாதிரி சில்லிடுகிறது. கையை விட்டுத் தடவினால் அடியில் மெத்தையே இல்லை, தரைதான் இருக்கிறது. தூங்கப் போகும்போது கும்மென்று இருந்த மேட், இப்போது சப்பையாகக் கிடக்கிறது.

வால்வைத் திறந்தால் தானே காற்றை இழுத்துக்கொண்டு உப்பும் 'செல்ஃப் இன்ஃப்ளேட்டிங்' மேட் வைத்திருப்பவர்களில் பலருக்கு இந்த அனுபவம் உண்டு. பலரும் அடுத்து செய்வது, ஊர் திரும்பியதும் மேட்டைப் பரணில் போட்டுவிட்டு புதிதாக ஒன்று ஆர்டர் செய்வது. உண்மையில் பெரும்பாலான ஓட்டைகளை வீட்டிலேயே அடைத்துவிடலாம். ஒட்டுவது ஐந்து நிமிட வேலை. ஓட்டை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் பாதி நாள் போகும். அதை ஒழுங்காகச் செய்யாமல் குத்துமதிப்பாக நாலு இடத்தில் பசை தடவுவதால்தான் பல ரிப்பேர்கள் தோற்றுப்போகின்றன.

தானே உப்புவது எப்படி?

ரிப்பேருக்கு முன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. இது வெறும் காற்றுப் பை அல்ல. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் மாதிரி துளைகள் ஒன்றோடு ஒன்று இணைந்திருக்கும் பாலியூரித்தேன் ஃபோம்தான் உள்ளே இருக்கிறது. அதன் இரண்டு பக்கமும் காற்றுப் புகாத பூச்சு கொண்ட பாலியஸ்டர் அல்லது நைலான் துணி ஒட்டப்பட்டிருக்கும். ஓரங்கள் சூடாக அழுத்தி மூடப்பட்டிருக்கும். மூலையில் ஒரு வால்வு.

ஸ்பாஞ்சைக் கையில் நசுக்கிவிட்டு விட்டால் பழைய அளவுக்கு வருகிறது இல்லையா, அதேதான். சுருட்டி வைத்த மேட்டின் வால்வைத் திறந்ததும் ஃபோம் விரிகிறது, விரியும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. வால்வை மூடியதும் அந்தக் காற்று சிறைப்படுகிறது.

இந்த யோசனை பிறந்த கதை சுவாரஸ்யமானது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் போயிங் நிறுவனம் ஆயிரக்கணக்கானோரை வேலையிலிருந்து அனுப்பியது. 'கடைசியாக சியாட்டிலை விட்டுப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போங்கள்' என்று 1971-ல் கிண்டலாக ஒரு விளம்பரப் பலகையே வைக்கப்பட்ட காலம் அது. போயிங்கில் வேலை பார்த்த ஜிம் லீ, நீல் ஆண்டர்சன் என்ற பொறியாளர்கள், மலையேறும் நண்பர் ஜான் பரோஸுடன் சேர்ந்து உருவாக்கியதுதான் 'தெர்ம்-எ-ரெஸ்ட்' மேட். தோட்ட வேலையின்போது முழங்காலுக்கு அடியில் வைத்த ஃபோம் மெத்தையிலிருந்து காற்று வெளியேறி, எழுந்ததும் திரும்ப உள்ளே போவதைப் பார்த்து வந்த யோசனை இது என்கிறது அவர்களின் நிறுவனம்.

குளிர் ஏன் கீழிருந்து வருகிறது?

ஸ்லீப்பிங் பேக் இருக்கும்போது மேட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்லீப்பிங் பேக்கில் சூட்டைக் காப்பது அதன் பஞ்சுக்குள் இருக்கும் அசையாத காற்று. மேலே போர்த்தியிருக்கும் பக்கம் அது வேலை செய்யும். முதுகுக்கு அடியில் நம் எடை பஞ்சை நசுக்கிவிடும், காற்று போய்விடும். அப்புறம் உடம்புக்கும் குளிர்ந்த தரைக்கும் நடுவே தடுப்பு என்று இருப்பது மேட் மட்டும்தான். அதிலும் காற்று இறங்கிவிட்டால் ஃபோமும் நசுங்கி, உடம்புச் சூடு நேராகத் தரைக்குப் போகும். சமவெளியில் இது முதுகுவலியோடு முடிந்துவிடும். பனியில் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறையலாம்.

மேட்டின் மீது 'ஆர் வேல்யூ' என்று ஒரு எண் இருக்கும். மேட்டை ஒரு சூடான தட்டுக்கும் குளிர்ந்த தட்டுக்கும் நடுவே வைத்து, எவ்வளவு வெப்பம் கசிகிறது என்று அளக்கிறார்கள். இதற்கான பொது விதிமுறை ஏ.எஸ்.டி.எம். எஃப்3340, 2018-ல் வந்தது. பொதுவாக 2-க்குக் கீழே என்றால் கோடைக்கு, 4-க்கு மேல் என்றால் குளிருக்கு, பனியில் படுக்க 5 வாக்கில் இருப்பது நல்லது. இரண்டு மேட்டை ஒன்றின் மேல் ஒன்று போட்டால் இந்த எண்களைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனா அந்த எண் எல்லாமே காற்று உள்ளே நிற்கும் வரைதான்.

முதலில்: அது ஓட்டைதானா?

காலையில் மேட் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தாலே ஓட்டை என்று முடிவு கட்ட வேண்டாம். மாலையில் 25 டிகிரியில் காற்று அடைத்து மூடுகிறீர்கள். விடியற்காலையில் 5 டிகிரி. உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுமார் 7 சதவீதம் சுருங்கிவிடும். அது இயற்பியல், ஓட்டை அல்ல. படுப்பதற்குச் சற்று முன், காற்று குளிர்ந்த பிறகு இன்னும் ஒரு மூச்சு ஊதி மூடினால் போதும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. மாதக்கணக்கில் இறுகச் சுருட்டி வைத்த மேட்டைத் திறந்தால் அது சோம்பலாக, அரைகுறையாகத்தான் உப்பும். ஃபோம் நசுங்கியே பழகிவிட்டது. வால்வைத் திறந்து ஒரு நாள் விரித்துப் போட்டால் சரியாகிவிடும்.

சந்தேகம் தீர எளிய சோதனை: வீட்டில், ஏசி இல்லாத அறையில், மேட்டை இறுக்கமாக நிரப்பி மூடி இரவு முழுக்க விடுங்கள். காலையில் அழுத்திப் பாருங்கள். கை தரையைத் தொட்டால் ஓட்டை நிச்சயம். இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதும் ஒரு துப்புதான். சில நிமிடங்களில் காலியானால் கிழிசல் அல்லது வால்வு. இரண்டு மூன்று மணி நேரம் என்றால் முள் குத்திய ஓட்டையாக இருக்கலாம். விடிய விடிய மெல்ல இறங்கினால் கண்ணுக்கே தெரியாத ஊசித்துளை.

வால்வில் இருந்து தொடங்குங்கள்

எல்லோரும் கடைசியில் பார்ப்பது வால்வு. முதலில் பார்க்க வேண்டியதும் அதுதான். ரப்பர் வளையத்தின் மேல் ஒரு மணல் துகளோ, தலைமுடியோ, புல்லோ மாட்டியிருந்தால் போதும், காற்று கசியும். வால்வைத் திறந்து ஈரத் துணியால் துடைத்து, வளையம் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மூடி, சோப்பு நீரைச் சொட்டுங்கள். அரை லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு ஸ்பூன் போதும். மூடியின் இடுக்கில் குமிழ் வளர்கிறதா, வால்வு துணியோடு சேரும் அடிப்பகுதியில் வளர்கிறதா என்று கவனியுங்கள். இரண்டும் வேறு வேறு பிரச்னை. முன்னது துடைத்தால் அல்லது வளையத்தை மாற்றினால் சரியாகும். பின்னது கொஞ்சம் கஷ்டம், அதைப் பிறகு பார்க்கலாம்.

பஞ்சர் கடை சொல்லிக்கொடுக்கும் பாடம்

வால்வு சரி என்றால் அடுத்து உடம்பு. சைக்கிள் பஞ்சர் கடையில் டியூபை வட்டாத் தண்ணீரில் முக்கிச் சுற்றிக்கொண்டே வருவார்களே, அதே டெக்னிக். மேட் பெரிது என்பதால் வட்டா போதாது. பாத் டப் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். மற்றவர்களுக்கு பெரிய பிளாஸ்டிக் டப், மாடித் தொட்டி, குழந்தைகள் குளிக்கும் காற்றடைத்த நீச்சல் தொட்டி எதுவானாலும் சரி.

அதற்கு முன் தண்ணீர் இல்லாமலே ஒரு சுற்று வரலாம். மேட்டை முடிந்தவரை இறுக்கமாக நிரப்பி மூடுங்கள். ஒரு முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கைச் சுருட்டி அதன் மேல் முழங்காலை வைத்து அழுத்துங்கள். மீதிப் பகுதி மேளம் மாதிரி விறைக்கும். ஃபேனை நிறுத்திவிட்டுக் காதை மேலே ஒரு விரற்கடை தூரத்தில் கொண்டு போங்கள். பெரிய ஓட்டை 'உஸ்' என்று தன்னையே காட்டிக்கொடுக்கும். சத்தம் கேட்காவிட்டால் உதட்டையோ ஈரமான கன்னத்தையோ பக்கத்தில் கொண்டு போங்கள். விரலைவிட அவை மெல்லிய காற்றைச் சீக்கிரம் உணரும்.

இதிலும் சிக்கவில்லை என்றால் சோப்பு நீரை ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி, ஒரு சாண் ஒரு சாணாக அடித்துக்கொண்டே வாருங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் வெள்ளை நுரை சின்னப் பூ மாதிரி வளரும். அவசரப்படக் கூடாது. ஊசித்துளையில் குமிழ் தெரிய அரை நிமிடம்கூட ஆகும். சந்தேகத்துக்குரிய இடங்கள் சில உண்டு: இடுப்பும் தோளும் பதியும் பகுதி, நான்கு ஓரங்கள், எப்போதும் மடிக்கும் நடுக்கோடு. அதிலும் அந்த மடிப்புக் கோட்டில்தான் துணியின் பூச்சு தேய்ந்து வரிசையாக நுண்துளைகள் விழும்.

தண்ணீரில் முக்குவது கடைசி ஆயுதம். உள்ளே ஃபோமும் காற்றும் இருப்பதால் மேட் முண்டியடித்து மேலே வரும். அழுத்த ஒருவர், பார்க்க ஒருவர் என்று இரண்டு பேர் இருந்தால் சுலபம். பகுதி பகுதியாக முக்குங்கள். துணியின் நெசவில் ஒட்டிக்கொண்டிருக்கும் காற்றும் முதலில் குமிழாகத் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள். கையால் வழித்துவிடுங்கள். வழித்த பிறகும் அதே இடத்தில் குமிழ் திரும்ப வந்தால் அதுதான் ஓட்டை.

ஒரே ஒரு எச்சரிக்கை. வால்வைத் திறந்து வைத்துக்கொண்டு முக்கவே கூடாது. அதேபோல தண்ணீருக்கு அடியில் மேட்டை அழுத்திவிட்டு சட்டென்று விடவும் கூடாது. ஃபோம் விரியும்போது ஓட்டை வழியே தண்ணீரை உறிஞ்சும். உள்ளே போன தண்ணீர் லேசில் காயாது.

கண்டுபிடித்ததும் பால்பாயிண்ட் பேனாவால் ஓட்டையைச் சுற்றி ஒரு ரூபாய் அளவுக்கு வட்டம் போடுங்கள். உலர்ந்த பிறகு ஊசித்துளை கண்ணுக்கே தெரியாது. ஒன்று கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடாதீர்கள். கருவேல முள் கிடக்கும் இடத்தில் படுத்திருந்தால் ஒரு ஓட்டையோடு விட்டிருக்காது.

பஞ்சர் சொல்யூஷன் ஏன் வேலை செய்யாது?

தேடும் முறை பஞ்சர் கடையுடையது. பசை மட்டும் அங்கிருந்து வாங்கக் கூடாது. சைக்கிள் டியூப் ரப்பர். ரப்பர் சொல்யூஷன் ரப்பரோடு கலந்து பிடித்துக்கொள்ளும்படி செய்யப்பட்டது. மேட்டின் தோல் ரப்பரே இல்லை. பாலியூரித்தேன் பூச்சு கொண்ட துணி. சொல்யூஷன் தடவி பேட்ச் வைத்தால் அன்று நன்றாகத்தான் ஒட்டியிருக்கும். நாலு தடவை சுருட்டி விரித்ததும் பேட்ச் ஓரத்தில் கிளம்பும்.

ஃபெவிக்விக் வகை சூப்பர் க்ளூவும் வேண்டாம். காய்ந்ததும் கண்ணாடி போல விறைத்துவிடும், மேட் மடங்கும்போது வெடிக்கும். பைப் ஒழுகலுக்குப் பூசும் எபாக்ஸி மாவுக்கும் அதே கதிதான். இங்கே தேவை, காய்ந்த பிறகும் ரப்பர் போல வளையும் பாலியூரித்தேன் பசை. டெண்ட் தையல் அடைக்கவும் ரெயின்கோட், நீச்சல் உடை ஒட்டவும் விற்பது இதுதான். 'சீம் கிரிப்' போன்ற பெயர்களில் ஆன்லைனிலும் மலையேற்றப் பொருள் கடைகளிலும் கிடைக்கிறது. லேபிளில் பாலியூரித்தேன் அல்லது யூரித்தேன் என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். விலை குறைந்த சில மேட்டுகள் பிவிசி பூச்சு கொண்டவை. அதற்கு பிவிசி-க்கென்றே உள்ள வினைல் பசைதான் பிடிக்கும். எனவே மேட்டின் லேபிளையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஒட்டுவது எப்படி?

மேட்டை முழுவதும் உலர விடுங்கள். சோப்பு நீர் அடித்த இடத்தை நல்ல தண்ணீரில் துடைத்து, பிறகு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்து வட்டத்தைச் சுற்றித் தேய்த்து எடுங்கள். வியர்வை, சன் ஸ்கிரீன் எண்ணெய், துணியின் மேல் உள்ள தண்ணீர் ஒட்டாப் பூச்சு எல்லாமே பசைக்கு எதிரி. ஜெல் சானிடைசர் வேண்டாம், அதில் உள்ள கிளிசரின் படலமாகத் தங்கிவிடும்.

அடுத்தது பலர் தவறவிடும் விஷயம். ஒட்டும்போது வால்வு திறந்தே இருக்க வேண்டும். மூடியிருந்தால் உள்ளிருக்கும் காற்று ஓட்டை வழியே வந்து ஈரப் பசையில் குமிழ் விடும். பசை காய்ந்த பிறகு அந்தக் குமிழே புது ஓட்டை.

ஊசித்துளை என்றால் பேட்ச் தேவையே இல்லை. ஒரு சொட்டுப் பசையை ஓட்டையின் மேல் வைத்து, ஐஸ் குச்சியால் எல்லாப் பக்கமும் அரை சென்டிமீட்டர் தாண்டும்படி பரப்புங்கள். துணி நெசவுக்குள் இறங்கும்படி லேசாகத் தேய்க்க வேண்டும். முள், கத்தி, நெருப்புப் பொறி போன்றவற்றால் சில மில்லிமீட்டருக்கு மேல் ஓட்டை விழுந்திருந்தால் பேட்ச் வேண்டும். மேட்டோடு வந்த ரிப்பேர் கிட்டில் துண்டுத் துணி இருக்கும். இல்லாவிட்டால் ஒட்டும் நைலான் ரிப்பேர் டேப் வாங்கலாம். பேட்ச் கிழிசலைவிட எல்லாப் பக்கமும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் பெரிதாக இருக்கட்டும். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். கூரான மூலைதான் முதலில் கிளம்பும். கீழே பசை, மேலே பேட்ச், அதன் ஓரத்தைச் சுற்றி மறுபடி மெல்லிய பசை.

பிறகு கைவைக்காமல் ஒரு நாள் முழுக்க விட வேண்டும். தொட்டால் ஒட்டவில்லை என்பதால் காய்ந்துவிட்டதாக அர்த்தமில்லை. ஜன்னல் திறந்த அறையில், அடுப்புக்குத் தள்ளி வேலை செய்யுங்கள். இந்தப் பசைகளில் எரியக்கூடிய கரைப்பான் இருக்கிறது. மீதி டியூபை இறுக மூடி ஜிப் கவரில் போட்டு வைக்காவிட்டால் அடுத்த பயணத்துக்குள் அது உள்ளேயே கல்லாகிவிடும்.

24 மணி நேரம் கழித்து மேட்டை நிரப்பி, மேலே சோப்பு நீர் அடித்துப் பாருங்கள். அன்றிரவு வீட்டிலேயே அதில் படுத்துத் தூங்குங்கள். எடை இல்லாமல் காற்று பிடித்து நிற்கும் மேட், ஆள் ஏறியதும் கசிவது சகஜம்.

எதைச் சரிசெய்ய முடியாது?

ஒன்று, மேட்டின் நடுவே திடீரென்று பலூன் போல ஒரு புடைப்பு. மேல் துணி உள்ளே உள்ள ஃபோமிலிருந்து பிரிந்துவிட்டது என்று பொருள். இது ஓட்டையே இல்லை, எனவே ஒட்டிப் பயனில்லை. ஒருமுறை பிரியத் தொடங்கினால் ஒவ்வொரு இரவும் பெரிதாகும். பணத்தை மிச்சம் பிடிக்க நினைத்து இதில் நேரத்தை வீணடிக்க வேண்டாம். வாரன்டி இருந்தால் கேளுங்கள், இல்லையென்றால் பயணத்துக்கு வேறு மேட் பாருங்கள்.

வெயிலில் நிறுத்திய காருக்குள் காற்று நிரம்பிய மேட்டை விட்டுவிடுவதும், பம்ப் வைத்து அளவுக்கு மீறி அடிப்பதும் இதற்கு முக்கியக் காரணங்கள். வாயால் ஊதி ஊதி உள்ளே ஈரம் சேர்வதும் நல்லதல்ல, பூஞ்சை பிடிக்கும். தானே இழுக்கும் அளவுக்கு இழுக்கவிட்டு, கடைசியில் இரண்டு மூச்சு போதும். பம்ப் பை இருந்தால் அதுவும் தேவையில்லை.

இன்னொன்று வால்வின் அடிப்பகுதிக் கசிவு. சுற்றிலும் பாலியூரித்தேன் பசையை வளையமாகப் பூசிப் பார்க்கலாம். சிலருக்கு வேலை செய்கிறது. ஆனால் ஒவ்வொரு முறை மூடியைத் திருகும்போதும் அந்த இடம் அசைவதால், பனிப் பயணத்துக்கு அதை நம்பிப் போவது புத்திசாலித்தனம் அல்ல. ஓரத் தையல் போலத் தெரியும் ஒட்டு நீளமாகப் பிரிந்திருந்தாலும் அப்படித்தான்.

நடுக்காட்டில், நடுராத்திரியில் இறங்கினால்?

அங்கே 24 மணி நேரம் காத்திருக்க முடியாது. முதலுதவிப் பெட்டியில் இருக்கும் ஆல்கஹால் ஸ்வாபால் அந்த இடத்தைத் துடைத்து, ரிப்பேர் டேப்பை ஒட்டுங்கள். அது இல்லாவிட்டால் டக்ட் டேப். குளிரில் டேப்பின் பசை பிடிக்காது. கொஞ்ச நேரம் அக்குளில் வைத்துச் சூடேற்றி, ஒட்டிய பின் உள்ளங்கையால் ஒரு நிமிடம் அழுத்துங்கள். இது இரவைக் கடத்தத்தான். ஊருக்கு வந்து டேப்பை உரித்து, அதன் பிசினை ஆல்கஹாலால் துடைத்த பிறகே நிரந்தரப் பசை போட வேண்டும்.

ஓட்டையே கிடைக்கவில்லையா? மேட்டை இரண்டாக மடித்துத் தோள் முதல் இடுப்பு வரை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். காற்று இல்லாவிட்டாலும் உள்ளே ஃபோம் இருக்கிறதே, வெறும் காற்று மெத்தையைவிட இந்த மேட்டுக்கு இருக்கும் ஒரே நல்ல விஷயம் அதுதான். காலுக்கு அடியில் காலி செய்த ரக்சாக், கயிறு, மாற்று உடை எது கிடைத்தாலும் வையுங்கள். அனுபவசாலிகள் மடித்து எடுத்துப் போகும் சாதாரண ஃபோம் ஷீட் ஒன்றையும் மேட்டுக்கு அடியில் விரிப்பது இதற்காகத்தான். முள்ளையும் தடுக்கும், ஆர் வேல்யூவையும் கூட்டும், மேட் கைவிட்டால் அதுவே படுக்கை.

வீட்டுக்கு வந்ததும் மேட்டைச் சுருட்டி உறைக்குள் திணிக்காமல், வால்வைத் திறந்தபடி கட்டிலுக்கு அடியில் விரித்து வையுங்கள். ஃபோம் நசுங்காது, உள்ளே இருக்கும் ஈரமும் வெளியேறும். எலி இருக்கும் வீடு என்றால் மட்டும் கட்டிலுக்கு அடியில் வேண்டாம், பீரோவுக்குப் பின்னால் நிமிர்த்தி நிறுத்தி வைக்கலாம்.